கடலோரத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி: கியர் ஆயிலை அப்படியே விடுவதா, வடிப்பதா, மெஷினில் மாற்றுவதா?

போன தை மாதம் ஒரு பழைய வண்டி வாங்கினேன். ஏழு பேர் உட்காரலாம், டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 78,000 கிலோமீட்டர் ஓடியது. அப்பாவுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியாது. ஆனால் ராமநாதபுரம் போவதென்றால் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பதில் பிடிவாதம். அதற்காகத்தான் ஆட்டோமேட்டிக். விற்றவர் என்ஜின் ஆயில் மாற்றிய பில்லையெல்லாம் ஒன்றுவிடாமல் ஃபைலில் வைத்திருந்தார். கியர் ஆயிலுக்கு ஒரு பில்கூட இல்லை. கேட்டேன். "அது லைஃப்டைம் ஆயில் தம்பி, தொடவே வேண்டியதில்லை" என்றார்.

வண்டியை எங்கள் ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மதுரையில் இருக்கும் நண்பன், மெஷினில் போட்டு முழு ஆயிலையும் ஒரே தடவையில் மாற்று என்றான். ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், கொஞ்சம் கொஞ்சமாக வடித்து ஊற்றலாம் என்றார். மச்சான், எழுபதாயிரம் தாண்டியும் மாற்றாத கியர் பாக்ஸில் கையே வைக்கக் கூடாது, வைத்தால் கியர் வழுக்க ஆரம்பித்துவிடும் என்று பயமுறுத்தினார்.

ஒரு மாதம் இதையே விசாரித்துக்கொண்டிருந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், பாம்பனுக்கு அந்தப் பக்கம் தீவிலும் இப்போது ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிவிட்டன. அவர்களுக்கும் இதே குழப்பம் வரும் என்பதால் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சேம்பரைக் கழற்றி வடித்து ஊற்றுவது, அதையும் ஒரே நாளில் செய்யாமல் மூன்று தவணையாகச் செய்வது. நம் பகுதிக்கு அதுதான் சரி. அதற்குப் பாதிக் காரணம் ஆயில், மீதிப் பாதி உப்பு.

முதலில் எந்தக் கியர் பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது நாலு வகை. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து ஊரெல்லாம் பரவிய ஏஎம்டி உண்மையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சை அமுக்குவதையும் கியரைத் தள்ளுவதையும் மட்டும் ஒரு கருவி செய்கிறது. அதில் ஊற்றுவது மேனுவல் வண்டியில் ஊற்றும் அதே மாதிரி கியர் ஆயில். வடித்தால் ஏறக்குறைய முழுதும் வந்துவிடும். ஏஎம்டி வைத்திருப்பவர்கள் மெஷினா வடிப்பா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையே இல்லை. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் வடித்து ஊற்றினால் போதும். அவர்கள் கவலைப்பட வேண்டியது கிளட்ச் தட்டைப் பற்றி.

இரட்டைக் கிளட்ச் உள்ள டிசிடியில் இரண்டு மாதிரி உண்டு. கிளட்ச் உலர்ந்திருக்கும் மாதிரியில் ஆயில் பல்சக்கரங்களுக்கு மட்டும்தான். கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும் மாதிரியில் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றியே ஆக வேண்டும். பல வண்டிகளுக்கு அது 60,000 கிலோமீட்டர். சிவிடியில் கியரே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டை வழுக்காமல் புல்லியைப் பிடிக்க வேண்டும், அதே நேரம் தேயவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்கிற தனி ஆயில் அதற்கு உண்டு. சிவப்பாக இருக்கிறதே என்று கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎஃப்பை, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை, அதில் ஊற்றினால் பெட்டி போச்சு. சிவிடிக்காரர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நாலாவது, டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய பாணி ஆட்டோமேட்டிக். பெரிய டீசல் வண்டிகள் பெரும்பாலும் இதுதான், என் வண்டியும் இதுதான். மெஷினா வடிப்பா என்ற சண்டை முழுக்க இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது.

சண்டைக்குக் காரணம் கன்வெர்ட்டர். என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கும் அதற்குள் எப்போதும் ஆயில் நிறைந்திருக்கும். என்ஜின் சுற்றுவதைக் கியருக்குக் கொண்டுபோவதே அந்த ஆயில்தான். கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் சேம்பரில் இருப்பது மட்டும் வடியும், கன்வெர்ட்டரிலும், ஆயிலை ஆற்றும் கூலரின் குழாயிலும் இருப்பது வராது. என் வண்டியில் மொத்தம் ஏறக்குறைய 8 லிட்டர். வடித்தபோது வந்தது மூன்றே முக்கால். பாதிகூட இல்லை. மீதியை எப்படி மாற்றுவது, மாற்றத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அப்படியே விட்டுவிடலாமா?

"லைஃப்டைம்" என்ற சொல் வெறும் ஏமாற்று இல்லை. இப்போது வரும் செயற்கை ஆயில்கள் முந்தைய தலைமுறை ஆயிலைவிடப் பல மடங்கு தாங்குகின்றன. ஆறேழு வருடத்தில் வண்டியை விற்றுவிடுகிறவருக்கு, நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்கு, ஆயிலைத் தொடாமலே காலம் ஓடிவிடும். ஆனால் யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். கியர் பாக்ஸ் செய்து பல கார் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரே அப்படிச் சொல்லும்போது நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

அப்புறம் நம் ஓட்டம் எப்படிப்பட்ட ஓட்டம் என்றும் பார்க்க வேண்டும். எந்தக் கையேட்டை எடுத்தாலும் "கடுமையான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும். வெயில், தூசி, குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று நகர்வது, பாரம் இழுப்பது. மண்டபத்தில் இருந்துகொண்டு இதில் எது எனக்குப் பொருந்தாது என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பாம்பன் பாலத்திலிருந்து ராமேசுவரம் கோயில் வரை வண்டி ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். பாலத்தில் பாதிப் பேர் கடலைப் பார்க்க நிறுத்திவிடுவார்கள். அப்படி ஊரும்போது கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடைந்துகொண்டே இருக்கிறது, காற்று பட்டு ஆற வழியில்லை. ஆயிலின் சூடு பத்து டிகிரி ஏறினால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

அதைவிட மோசம், தனுஷ்கோடி தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையின் மணல். 2017-ல் கடைசி வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லா வண்டியும் அங்கே போகிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் ஏறிச் சாலையையே மூடிவிடும். ஓரம் கட்டப் போய் டயர் புதைந்தவர்கள் ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ், டிரைவ் என்று மாற்றி மாற்றி ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். சக்கரம் நகராமல் என்ஜின் மட்டும் உறுமினால் அந்த சக்தி அத்தனையும் ஆயிலில் சூடாகத்தான் இறங்குகிறது. பத்து நிமிடம் அப்படிச் செய்வது ஆயிலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்வார். கணக்கு கூடக்குறைய இருக்கலாம், ஆனால் அவர் வடித்துக் காட்டிய கருகிய ஆயிலின் வாசனையை மறக்க முடியாது. டயரில் காற்றைக் குறைத்து, நாலு பேரைத் தள்ளச் சொல்லுங்கள். அங்கே உதவிக்கு ஆளில்லாமல் போவதில்லை.

ஆக, அப்படியே விடுவது நமக்கு ஆகாது. மச்சான் சொன்ன பயத்துக்கு வருகிறேன், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

மெஷின்

மெஷின் வேலை செய்வது எளிது. கியர் பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி மெஷினோடு இணைப்பார்கள். என்ஜினை ஓடவிட்டால் பழைய ஆயில் ஒரு பக்கம் வெளியே வரவர, புது ஆயில் மறுபக்கம் உள்ளே போகும். கண்ணாடிக் குழாயில் கறுப்பு மெல்ல மெல்லச் சிவப்பாவதைப் பார்க்கலாம், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 10, 12 லிட்டர் ஆயில் செலவாகும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முழு ஆயிலும் புதிது.

முதலிலிருந்தே தவணை தவறாமல் ஆயில் மாற்றிய வண்டிக்கு இது நல்ல வழிதான், மெஷினைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 78,000 வரை தொடாத வண்டிக்கு ஏன் வேண்டாம் என்றால், இரண்டு விஷயம். ஒன்று, பழைய ஆயிலில் கிளட்ச் தட்டுகளின் தேய்ந்த பொடி மிதந்துகொண்டிருக்கும், வால்வுகளின் ஓரத்தில் பிசின் படிந்திருக்கும். புது ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து அதிகம். ஒரே மூச்சில் முழுதையும் மாற்றினால் படிந்தது மொத்தமாகக் கிளம்பி நுணுக்கமான வால்வுத் துளைகளில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. மெஷினில் போட்ட மறு வாரம் கியர் வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்பவர்கள் கதையில் பாதிக்கு மேல், வண்டி ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்ததால்தான் மெஷினுக்கே போயிருப்பார்கள். தேய்ந்த கிளட்ச்சைப் புது ஆயில் காப்பாற்றாது. இருந்தாலும் வரலாறு தெரியாத வண்டியில் அந்தச் சோதனையை நான் செய்ய விரும்பவில்லை.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரிது. பல இடங்களில் மெஷினில் போடும்போது சேம்பரைக் கழற்றுவதில்லை. கழற்றாவிட்டால் ஃபில்டர் மாறாது, அடியில் இரும்புப் பொடியைப் பிடித்துவைக்கும் காந்தத்தைத் துடைக்க முடியாது, வண்டியின் அடிவயிற்றை ஒருத்தரும் கிட்டப்போய்ப் பார்க்கவும் மாட்டார்கள். மதுரையில் ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை. நமக்கு அப்படியில்லை.

உப்பு

இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் பாக் நீரிணை. கச்சான் அடித்தால் தெற்கிலிருந்து உப்பு, வாடை அடித்தால் வடக்கிலிருந்து உப்பு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அத்தனை பராமரிப்பு செய்த இரும்புக்கே அந்த நிலை என்றால், வண்டிக்கு அடியில் யாரும் பார்க்காத தகட்டுச் சேம்பரின் கதியை நினைத்துப் பாருங்கள்.

கியர் பாக்ஸின் உடம்பு அலுமினியம். ஆனால் பல வண்டிகளில் சேம்பர் இரும்புத் தகடு, போல்ட்டுகள் இரும்பு, கூலருக்குப் போகும் குழாய் இரும்பு. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரிபடும். இதோடு நாமே ஒரு தப்பையும் சேர்த்துச் செய்கிறோம். வாட்டர் வாஷில் அடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சேறு போகும், உப்பு ஏறும். வண்டியின் அடியைக் கழுவுவதற்காவது நல்ல தண்ணீரைத் தேடுங்கள். கடலுக்குள்ளேயே வில்லூண்டித் தீர்த்தத்தில் நல்ல தண்ணீர் ஊறும் ஊர் நம்முடையது, வண்டிக்கு நாலு குடம் கிடைக்காமலா போகும்.

சித்தப்பாவின் வண்டிக்கு ஆனதைச் சொன்னால் நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று புரியும். அவரும் ஆட்டோமேட்டிக்தான் வைத்திருந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் தோட்டத்துப் போர் தண்ணீரையே ஊற்றிவிடுவார். கூலன்ட் வாங்க ராமநாதபுரம் போக வேண்டுமே என்ற சலிப்பு. நாங்களும் யாரும் தடுக்கவில்லை. பல வண்டிகளில் கியர் ஆயிலை ஆற்றும் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஆயில், இடையே ஒரு மெல்லிய உலோகச் சுவர். இரண்டு வருடம் உப்புத் தண்ணீர் அந்தச் சுவரை அரித்தது.

ஒரு நாள் தங்கச்சிமடம் தாண்டி வரும்போது வண்டி குலுங்கியது, டிரைவில் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் பிடித்தது. பட்டறையில் டிரெயின் போல்ட்டைக் கழற்றினார்கள். சிவப்பாக வரவில்லை, கறுப்பாகவும் வரவில்லை. ரோஸ் மில்க் வந்தது. அதே நிறம், அதே நுரை. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் காகிதம் மாதிரி நாரால் செய்தது. தண்ணீரை உறிஞ்சி, ஊறி, பசை விட்டு உரிந்துவிடும். உரிந்திருந்தது. பெட்டியை இறக்கி வேலை பார்க்க லட்ச ரூபாய்க்கு மேல் ஆனது. சில நூறு ரூபாய்க் கூலன்ட்.

அதனால் கியர் ஆயிலைப் பற்றி யோசிக்கும்போதே ரேடியேட்டரையும் சேர்த்து யோசியுங்கள். கையேட்டில் சொன்ன கூலன்ட், அதில் கலக்க டிஸ்டில்டு வாட்டர். வேறு எந்தத் தண்ணீரும் வேண்டாம்.

வடித்து ஊற்றிய நாள்

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராமநாதபுரம் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வண்டியை நாலு பக்கமும் சமமாகத் தூக்கினார். வடிக்கும் போல்ட்டில் கை வைப்பார் என்று பார்த்தால், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் போல்ட்டைத் தேடிப் போனார்.

"அண்ணே, முதல்ல வடிக்கலையா?"

"வடிச்சிட்டு இது கழறலைன்னா என்ன செய்வே? ஆயில் இல்லாத வண்டிய மண்டபத்துக்குத் தள்ளிக்கிட்டா போவே?"

போல்ட்டின் தலை துருவில் பூத்துப்போயிருந்தது, ஸ்பேனர் உட்காரவே இடமில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்தார், துரு இளக்கும் ஸ்பிரே அடித்தார், டீ குடிக்கக் கூட்டிப்போனார், வந்து மறுபடி அடித்தார். அலுமினியத்தில் முறுக்கியிருக்கும் போல்ட்டை வேகமாகத் திருகினால் புரி உரிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சின்னச் சத்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகுதான் கீழ் போல்ட்டைத் தொட்டார். கடலோரத்தில் யார் கியர் ஆயில் மாற்றினாலும் இந்த வரிசையை மாற்றவே கூடாது. அவசரப்படும் பட்டறை எது, அவசரப்படாத பட்டறை எது என்பதும் இந்த ஒரு விஷயத்தில் தெரிந்துவிடும்.

ஆயில் கடுங்காபி நிறத்தில் வந்தது. விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கருகல் இல்லை. "கெட்டுப்போகல, களைச்சிருக்கு" என்றார். வடிந்ததை அளவு போட்ட ஜாடியில் பிடித்து வைத்தார். சேம்பரைக் கழற்றியபோது உள்ளே இருந்த மூன்று காந்தத்திலும் கண்மை மாதிரி சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. விரலில் எடுத்தால் மை மாதிரியே வழுவழுவென்று இருந்தது, உறுத்தவில்லை. அது பல வருடத் தேய்மானத்தின் பொடி, இருக்க வேண்டியதுதான். மின்னும் சிம்புகளோ நகக்கண் அளவு இரும்புத் துண்டோ இருந்தால் ஆயில் பேச்சை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்கிற பேச்சுக்குப் போக வேண்டும்.

சேம்பரின் வெளிப்பக்கம்தான் எனக்கு அதிர்ச்சி. பின் மூலையில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினால் செதில் உதிர்ந்தது, தகடு இன்னும் ஓட்டையாகவில்லை. இன்னும் இரண்டு மழை போயிருந்தால் ஓட்டை விழுந்து, எங்காவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது ஆயில் ஒழுகி நின்றிருக்கும். செதிலைச் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு மேலே கறுப்பு பெயின்ட். கூலர் குழாயில் கிளிப் பிடிக்கும் இடத்திலும் அதே வேலை. மெஷினில் போட்டிருந்தால் ஆயில் பளபளவென்று சிவப்பாக இருந்திருக்கும், அந்த மூலையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

புது ஃபில்டர், புதுப் பேக்கிங், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாசர். சேம்பர் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மெதுவாக முறுக்கினார். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவும், சேம்பர் கழற்றியபோது சிந்தியதற்குக் கொஞ்சமும் சேர்த்து ஊற்றினார். அதோடு முடியவில்லை. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. என்ஜினை ஓடவிட்டு, எல்லாக் கியரிலும் ஒரு தடவை போட்டு எடுத்து, ஸ்கேனரில் ஆயிலின் சூட்டைப் பார்த்து, சொன்ன சூட்டில் வழியும் துளையைத் திறக்க வேண்டும். பல வண்டிகளுக்கு அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். சன்னமாக வழிந்து சொட்டாக நின்றால் அளவு சரி. ஒன்றுமே வராவிட்டால் குறைவு. சூடு ஏறினால் ஆயில் விரியும், அதனால் சூடு தெரியாமல் பார்க்கும் அளவு அளவே இல்லை. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் நுரைக்கும், இரண்டிலுமே கியர் வழுக்கும். ஆயில் மாற்றிய பிறகு வண்டி கெட்டது என்ற கதைகளில் எத்தனை இந்த அளவுத் தப்பால் வந்தவையோ.

கணக்கு

ஒரு தடவை வடித்தால் என் வண்டியில் புது ஆயில் 47 சதவீதம். இரண்டாவது தடவையில் 72, மூன்றாவதில் 85. மெஷின் கொடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் இடையே இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் விட்டால், கரையும் அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி அடுத்த வடிப்பில் வெளியே போய்விடும். மூன்று தடவைக்கும் சேர்த்து ஆயில் 12 லிட்டருக்குள்தான், மெஷினும் அதையேதான் குடிக்கும்.

நான் விசாரித்த வரை நல்ல ஏடிஎஃப் லிட்டர் 800 ரூபாயிலிருந்து 1,500 வரை போகிறது. முதல் தவணையில் ஃபில்டர், பேக்கிங், பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. அடுத்த இரண்டுக்கும் சேம்பரைக் கழற்ற வேண்டாம், வெறும் வடிப்பும் ஊற்றும்தான், தடவைக்கு ஐயாயிரம் சொச்சம். மதுரையில் மெஷினுக்குக் கேட்ட தொகை பதினாறாயிரம். அதில் ஃபில்டர் சேரவில்லை. போகவர டீசலும் ஒரு முழு நாளும் தனி. மொத்தத்தில் பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, வடிப்பது கொஞ்சம் கூடவே ஆகலாம். பணத்தை மிச்சம் பிடிக்க இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மதுரையா ராமநாதபுரமா என்பதற்கும் ஊர் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. பட்டறைக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். என் வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றுவீர்கள், அளவை எப்படிப் பார்ப்பீர்கள். முதல் கேள்விக்கு "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்தான்" என்று பதில் வந்தாலோ, இரண்டாவதற்கு சூடு, ஸ்கேனர் என்ற பேச்சே வராவிட்டாலோ, அது கம்பெனி ஷோரூமாக இருந்தாலும் வேண்டாம். ஆயிலைக் கையேட்டில் எழுதியிருக்கும் தரப் பெயரைப் பார்த்து நீங்களே வாங்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது. டொயோட்டாவின் டார்க் கன்வெர்ட்டர் வண்டிகள் பலவற்றுக்கு டபிள்யூஎஸ், ஹூண்டாய் ஆட்டோமேட்டிக் பலவற்றுக்கு எஸ்பி-4, ஹோண்டாவின் இப்போதைய சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. டப்பாவின் பின்பக்கம் அந்தப் பெயர் இருக்க வேண்டும்.

மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்கிற ஒரு சந்தர்ப்பம் உண்டு. வண்டி ஏற்கெனவே வழுக்குகிறது, டிரைவில் போட்டால் தாமதமாகப் பிடிக்கிறது, கியர் மாறும்போது முதுகில் குத்துவது மாதிரி இடிக்கிறது என்றால், வடிப்பதும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் பெட்டியை மட்டுமே பார்க்கிறவரிடம் காட்டி, பிரஷரும் கோளாறுக் குறியீடும் பார்த்த பிறகு மற்றது. அங்கே வரை ஓட்டிப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். கட்டி இழுப்பதும் கூடாது. என்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே ஆயில் இல்லாமல் தேயும்.

கீழக்கரையில் இருக்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் போன வாரம் கேட்டார். சிவிடி, 38,000 கிலோமீட்டர், வாங்கியதிலிருந்து அவரே ஓட்டுகிறார், எங்கும் மணலில் மாட்டியதில்லை. அவருக்குத் தவணை கிவணை எதுவும் வேண்டாம் என்றேன். கையேட்டில் சொன்ன ஆயிலை ஒரே ஒரு தடவை வடித்து ஊற்றினால் போதும், சிவிடியில் சேம்பர் வழியாகவே கணிசமாக வந்துவிடும், இனி ஒவ்வொரு 40,000-க்கும் அதையே செய்யலாம். ஊற்றும் போல்ட்டை மட்டும் முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் காக்கா என்றேன். அவர் வீடு கடலிலிருந்து இருநூறு அடி.

என் வண்டிக்கு இரண்டாவது தவணை வைகாசியில் முடிந்தது. இந்தத் தடவை ஊற்றும் போல்ட் இரண்டு நிமிடத்தில் கழன்றது, முதல் தடவையே அண்ணன் அதன் புரியில் துருப் பிடிக்காத கிரீஸ் தடவியிருந்தார். வடிந்த ஆயில் கடுங்காபியிலிருந்து டீ நிறத்துக்கு வந்திருந்தது. பிரைமர் அடித்த மூலையில் புதுத் துரு இல்லை. மூன்றாவதை ஐப்பசி மழைக்கு முன்னால் வைத்திருக்கிறேன், வாடை கிளம்புவதற்குள்.